நாற்பது வயதுக்காரருக்குப் பெயர் வைப்போம்

(மும்பைப் பக்கத்துச் சான்பாடாவில் தமிழ்க் குடும்பங்களின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இந்தக் கூட்டத்தில் என்னிடம் பாடம் படித்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்த காலத்தில் தினமும் காலையில் நான் செய்த முதல் வேலை பெயர் கூப்பிடுவதுதான். இசக்கிமுத்து, சுடலைமுத்து, பேச்சியம்மாள், மாரிச்செல்வம் என்று திருநெல்வேலிச் சீமையே எழுந்து நின்று ‘உள்ளேன் ஐயா’ சொல்லும். சில வருஷம் கழித்து ரஜினிகாந்தும் குஷ்புவும் எழுந்தார்கள். அப்புறம் சச்சின். அப்புறம் ‘ஷ்’ என்று முடியாத பெயரே இல்லை என்ற காலம் வந்தது. பதிவேட்டைப் பார்த்தே பிள்ளை எந்த வருஷம் பிறந்தது என்று சொல்லிவிடலாம்.

பெயரோடு இத்தனை காலம் பழகியவன் என்பதால்தான் இன்று அதையே பேச எடுத்துக்கொண்டேன். குழந்தைக்குப் பெயர் வைப்பது எப்படி? இதற்குப் புத்தகம் இருக்கிறது, ஜோசியர் இருக்கிறார், மாமியார் இருக்கிறார். நான் எதற்கு? நான் ஒன்றே ஒன்றைத்தான் வற்புறுத்த வந்திருக்கிறேன். தொட்டிலைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். நாற்பது வயதில் அந்தப் பிள்ளை எங்கெல்லாம் போய் நிற்கும் என்று பார்த்து வையுங்கள்.

எங்கே நிற்கும்? வங்கிக் கவுண்டரில் நிற்கும். பாஸ்போர்ட் வரிசையில் நிற்கும். நேர்முகத் தேர்வு அறையின் வாசலில் நிற்கும். ‘பேஷண்ட் பேர் என்ன?’ என்று கேட்கிற நர்ஸுக்கு முன்னால் நிற்கும். தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகி நிற்கும். தொட்டிலில் கிடப்பது எத்தனை மாதம்? இந்த இடங்களில் நிற்பது எத்தனை வருஷம்?

இது எந்த ஊர்த் தமிழருக்கும் பொருந்தும். ஆனால் மும்பைத் தமிழருக்கு மட்டும் இன்னொன்று உண்டு.

சாயங்காலம் நம் அடுக்குமாடிச் சொசைட்டிகளின் கீழே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆள் குறைந்தால் மேலே பார்த்துக் குரல் கொடுப்பார்கள். ‘ஏ பரமசிவம்! நீச்சே ஆ!’ கீழே வா என்று. மூன்றாம் மாடி பால்கனியில் பனியனோடு வந்து எட்டிப் பார்ப்பவர் யார்? பரமசிவம்தான். நாற்பத்தைந்து வயசுப் பரமசிவம். பையன்கள் கூப்பிட்டது அவரையா? அவர் மகன் விக்னேஷை!

சிரிக்கிறீர்கள். அடுப்படியில் நிற்கிற அம்மாவை நினைத்துப் பாருங்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ‘என்னங்க’தான், ‘விக்னேஷ் அப்பா’தான். அந்தப் பெயரைப் பத்து வயசுப் பொடியன் தெருமுனை வரைக்கும் கேட்கக் கத்துகிறான்.

ஏன் இப்படி ஆயிற்று? தமிழ்நாட்டில் அப்பா ஓர் எழுத்து. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு அடக்கமாக உட்கார்ந்திருப்பார். மகாராஷ்டிரத்தில் அப்படி இல்லை. பள்ளியில் சேர்க்கப் போனால் கிளார்க் கேட்பது ‘ஆட்நாவ் காய்?’ குடும்பப் பெயர் என்ன? நம்மிடம் ஏது குடும்பப் பெயர்? கப்பலேறியும் ரயிலேறியும் வந்த நம் தாத்தாக்கள் படிவத்தில் அந்தக் கட்டத்தை எதையாவது போட்டு நிரப்பினார்கள். சிலர் ஊர்ப் பெயரைப் போட்டார்கள். பலர் அப்பா பெயரைப் போட்டார்கள். இன்னும் பலர் சாதியைப் போட்டார்கள்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். 1929இல் செங்கற்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடி, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று தீர்மானம் செய்தது. தமிழ்நாட்டில் அது பெருமளவு நடந்தும் விட்டது. அங்கே உதிர்ந்த பட்டம் இங்கே ஒரு படிவத்துக்காக மறுபடி ஒட்டிக்கொண்டது. ஊரில் வெறும் செல்வராஜ், இங்கே செல்வராஜ் நாடார். ஊரில் சுப்பிரமணியன், மாட்டுங்காவில் சுப்பிரமணியன் ஐயர். யாரையும் குறை சொல்லவில்லை. கட்டம் காலியாக இருந்தால் கிளார்க் விடமாட்டார். ஆனாலும் இன்று பெயர் வைக்கிறவர்கள் இதை யோசித்து வைக்கலாம் அல்லவா?

அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுகிற வீடுகளில் என்ன நடக்கிறது? இன்று நீங்கள் மகனுக்கு வைக்கிற பெயர் நாளைக்கு உங்கள் பேரனின் ஆட்நாவ். அவன் டீச்சர் அதைச் சொல்லிக் கூப்பிடுவார். அவன் அலுவலகத்தில் மேஜைப் பலகையில் அது இருக்கும். ஆக ஒரு பெயரில் நீங்கள் இரண்டு தலைமுறைக்குப் பெயர் வைக்கிறீர்கள். மகளுக்கு வைக்கிறபோதும் அப்படித்தான். 2024 மே 1 முதல் பிறந்தவர்களுக்கு அரசுத் தாள்களில் குழந்தையின் பெயர், தாயின் பெயர், தந்தையின் பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசையில் எழுதவேண்டும் என்று மகாராஷ்டிர அரசு முடிவு செய்திருக்கிறது. நல்ல முடிவு. நான் கைதட்டி வரவேற்கிறேன். உங்கள் மகள் பெயரும் இனி அவள் பிள்ளையின் பெயருக்குள் இருக்கும்.

‘சிண்டு’, ‘பப்லு’, ‘ஸ்வீட்டி’ என்பதெல்லாம் வீட்டில் கூப்பிட எவ்வளவு இனிக்கிறது! பிறப்புச் சான்றிதழில் அதையே எழுதினால், நாற்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு பேரன் ‘பப்லு’ என்ற ஆட்நாவோடு கல்லூரிக்குப் போவான்.

நம் விஸ்வநாதன் ஆனந்துக்கு நடந்ததைப் பாருங்கள். 1969இல் மயிலாடுதுறையில் பிறந்தவர், ஐந்து முறை உலகச் செஸ் சாம்பியன் ஆனவர். அவர் பெயர் ஆனந்த். விஸ்வநாதன் அவருடைய அப்பா. வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் இருப்பதுதான் சொந்தப் பெயர் என்று எடுத்துக்கொண்டு ‘விஷி, விஷி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். உலகமே செல்லமாகக் கூப்பிட்டது யாரை? அவர் அப்பாவை! அவர் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டார், பெயரும் நின்றுவிட்டது. ஆனால் ஒற்றைப் பெயரோடு துபாய்க்குப் போகிறவருக்கு இது வேடிக்கை இல்லை. பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே விடுவதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் விதி கொண்டுவந்தபோது எத்தனை தமிழர் விமான நிலையத்தில் முழித்தார்கள்!

இன்னொருவரைப் பாருங்கள். மதுரையில் 1972இல் பிறந்த சுந்தரராஜன். அப்பா ரகுநாத பிச்சை. அப்பா பெயர் குடும்பப் பெயராகி, இன்று கூகுள் நிறுவனத்தின் தலைமையில் இருக்கிற பெயர் சுந்தர் பிச்சை. பிச்சை என்ற பெயர் நம் வீடுகளில் எப்படி வந்தது? முதல் இரண்டு பிள்ளை தங்காமல் போன வீட்டில் அடுத்த பிள்ளைக்குப் பிச்சை என்று வைப்பார்கள். குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று வைப்பார்கள். இது வேண்டாத பிள்ளை என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போகட்டும் என்று ஒரு நம்பிக்கை. கேட்க மட்டமாக இருக்கும் பெயருக்குள் எவ்வளவு ஆசை, எவ்வளவு பயம்! அந்தப் பெயர்களை நான் ஒருநாளும் கேலி செய்யமாட்டேன்.

ஆனால் இன்னொரு வகை உண்டு. அதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மகாராஷ்டிரத்தில், சாத்தாரா மாவட்டத்தில், வரிசையாகப் பெண் குழந்தை பிறந்த வீடுகளில் கடைசிப் பெண்ணுக்கு ‘நகுசா’ என்று பெயர் வைத்தார்கள். வேண்டாதவள் என்று பொருள். அடுத்ததாவது பையனாகப் பிறக்கட்டும் என்று சாமிக்கு அனுப்பிய தந்தி அது. தந்தி சாமிக்கு. அதைச் சுமந்தது யார்? பள்ளியில் பெயர் கூப்பிட்டபோது எழுந்து நின்றது யார்? கல்யாணப் பேச்சில் பெயர் கேட்டபோது தலை குனிந்தது யார்? அந்தப் பெண். 2011 அக்டோபர் 22ஆம் தேதி மாவட்ட நிர்வாகமே முன்வந்து விழா எடுத்து 285 பெண்களுக்குப் பெயர் மாற்றிச் சான்றிதழ் கொடுத்தது. தங்களுக்குத் தாங்களே பெயர் தேர்ந்தெடுத்தவர்களும் அதில் உண்டு. சிலர் சினிமா நடிகையின் பெயரை வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொள்ளட்டும்! அதுவரை இருந்ததற்கு எந்த நடிகையின் பெயரும் தேவலை.

‘அது மராத்திக்காரர்கள் வழக்கம்’ என்று யாரும் மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டாம். திருத்தணிக்குப் பக்கத்தில் நாராயணபுரம் என்ற ஊர். அங்கே ‘வேண்டாம்’ என்றே பெயர் வைத்த பெண்கள் இருப்பது 2019இல் பத்திரிகைகளில் வந்தது. போதும்பொண்ணு என்ற பெயரை என் பதிவேட்டிலேயே எழுதியிருக்கிறேன். பெயர் கூப்பிடும்போது அந்தப் பெண்ணை ‘பொண்ணு’ என்று மட்டும் கூப்பிடுவேன். பதில் எப்போதும் உரக்க வரும்.

சரி, ‘குழந்தைத்தனமான பெயர் வைத்தால் பெரியவராகிக் கெட்டுப்போய்விடுவாரா, வாத்தியாரே?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மதுரைப் பக்கம் களஞ்சியம் மகளிர் குழுக்களைக் கட்டி எழுப்பிய அம்மையாரின் பெயர் என்ன? சின்னப்பிள்ளை! விருது வழங்கும் மேடையில் பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. சிறுமியாக இருந்தபோது பொன்மலை ரயில்வேத் தொழிலாளர்கள் ‘பாப்பா’ என்று கூப்பிட்ட தனலட்சுமி, பாப்பா உமாநாத் என்ற பெயரோடு சிறைக்குப் போனார், 1989இல் திருவெறும்பூரிலிருந்து சட்டமன்றத்துக்கும் போனார். அந்தப் பாப்பாவைப் பார்த்துப் போலீஸ்காரர்கள் சிரித்தார்களா என்ன?

ஒப்புக்கொள்கிறேன். ஆள் பெரியவராக வளர்ந்தால் எந்தப் பெயரும் கூடவே வளரும். ஆனால் நம் பிள்ளைகள் எல்லோரும் சின்னப்பிள்ளை அம்மாளாக வளர்ந்துதான் தங்கள் பெயரைக் காப்பாற்றவேண்டும் என்று கட்டளை போடுவது நியாயமா? சாதாரணமாக வாழ்ந்து, சாதாரணமாக வேலைக்குப் போய்வருகிற ஒருவனுக்கும் ஒருத்திக்கும் உறுத்தாத பெயர் வேண்டாமா?

இதற்கு நம் வீடுகளிலேயே வழி இருந்தது. விருதுப்பட்டியில் 1903இல் பிறந்த பிள்ளைக்குக் குலதெய்வத்தை நினைத்துக் காமாட்சி என்று பெயர் வைத்தார்கள். அம்மா சிவகாமி ‘ராஜா, ராஜா’ என்றுதான் கொஞ்சினார். இரண்டும் ஒட்டிக் காமராஜ் ஆனது. சாமிக்குக் கொடுத்த பெயர் ஒன்று, மடியில் வைத்துக் கூப்பிட்ட பெயர் ஒன்று. இரண்டு பெயர் வைத்துக்கொள்வதில் என்ன தப்பு? பாட்டி பெயரா? வையுங்கள், வீட்டில் கூப்பிடுங்கள். ‘லட்டு’வா? தாராளமாகக் கூப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் போவது மட்டும் நாற்பது வயதுக்காரரின் பெயராக இருக்கட்டும்.

அரசியல் ஆர்வத்தில் வைக்கும் பெயருக்கும் ஒரு வார்த்தை. 1953 மார்ச் 1ஆம் தேதி கலைஞருக்கு மகன் பிறந்தார். மார்ச் 5ஆம் தேதி ரஷ்யாவில் ஸ்டாலின் இறந்தார். மகனுக்கு அந்தப் பெயர். அன்றைக்கு அது உலகமெங்கும் தொழிலாளர்கள் போற்றிய பெயர். மூன்றே வருஷம், 1956இல் ரஷ்யாவிலேயே குருஷ்சேவ் எழுந்து நின்று ஸ்டாலினைக் கடுமையாகக் குற்றம் சாட்டிவிட்டார். அந்தப் பெயரைத் தமிழ்நாட்டில் வேறு பொருள் வருமாறு வாழ்ந்து காட்டுவது அதைச் சுமந்தவரின் வேலை ஆயிற்று. நீங்கள் இன்று கொண்டாடுகிற தலைவர், நடிகர், ஆட்டக்காரர் பெயரை வைக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். அவர்களுக்கும் இன்னும் வாழ்க்கை மீதி இருக்கிறது!

ஜோசியத்துக்கு வருகிறேன். நட்சத்திர எழுத்தில்தான் பெயர் வைக்கவேண்டும் என்பார்கள். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. ஏதோ தேடினால் கிடைக்கும். திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு என்ன எழுத்து தெரியுமா? ‘ங’! எங்கே, ‘ங’வில் ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். கட்டாயம் வேண்டுமென்றால் அந்த எழுத்துப் பெயரைக் காதில் மூன்று முறை ஓதிவிட்டு, தாளில் நல்ல பெயரை எழுதுங்கள். எண் கணிதம் என்று சொல்லி ஆங்கிலத்தில் ஓர் ‘ஏ’வும் ஓர் ‘எச்’சும் கூட்டுகிறீர்களே, அந்தக் கூடுதல் எழுத்தால் அதிர்ஷ்டம் வந்ததை நான் பார்த்ததில்லை. பான் கார்டும் ஆதாரும் ஒத்துப்போகாமல் பி.எஃப். பணம் மாதக்கணக்கில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்ப் பெயர்தான் வைக்கவேண்டும் என்பது என் ஆசை. அதை மறைக்கவில்லை. ஆனால் தமிழ்ப் பெயர் என்று சொல்லிப் பதினைந்து எழுத்தில் ஒரு பட்டத்தைக் குழந்தை தலையில் கட்டுவதும் எனக்குப் பிடிக்காது. ‘ஷ்’ பெயர்க்காரர்களும் பட்டப்பெயர்க்காரர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் காதில் விழுவதற்காகப் பெயர் வைக்கிறார்கள். மாறன், கயல், இளங்கோ, நிலா, மதி, செழியன், யாழினி, அமுதன், கபிலன் என்று எத்தனை இருக்கிறது! எழுபது வயதிலும் ‘கபிலன் சார்’ என்றால் பொருந்தாதா? ‘டாக்டர் கயல்’ என்றால் யாராவது திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்களா?

நாம் இருப்பது மராத்தியும் இந்தியும் பேசுகிற ஊரில். இதையும் மறக்கக்கூடாது. கந்தசாமியை வகுப்பில் ‘காந்தா’ என்றார்கள். மராத்தியில் அது வெங்காயம். பிள்ளை என்ற பட்டத்தை இந்திக்காரப் பையன்கள் நாய்க்குட்டி ஆக்கினார்கள். முத்து என்ற நம் பொன்னான பெயர் அவர்கள் காதில் என்னவாக விழும் என்று இங்கே படித்த எல்லோருக்கும் தெரியும், மேடையில் சொல்லமாட்டேன். அதற்காக முருகனையும் முத்துவையும் விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. முத்துக்குமரன் என்று எழுதிக் குமரன் என்று கூப்பிடலாம். தெரிந்து வையுங்கள் என்கிறேன்.

‘ழ’ வேறு இருக்கிறது. எழிலரசி என்று ஆங்கிலத்தில் எழுதினால் வங்கியில் ‘எஜிலரசி’ என்பார்கள். மராத்திக்காரருக்கு ‘ள’ நன்றாக வரும். திலகரையே அவர்கள் ‘டிளக்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே வள்ளிக்கும் மங்களத்துக்கும் இங்கே பயமில்லை. எழிலுக்குக் கொஞ்சம் கஷ்டம். நானாக இருந்தால் கஷ்டப்பட்டாலும் எழில் என்றுதான் வைப்பேன். ஆனால் அவள் வாழ்நாள் முழுக்கத் திருத்திச் சொல்லிக்கொண்டிருக்கவேண்டும் என்பதை அவள் சார்பில் யோசித்துவிட்டு வைப்பேன்.

‘அப்புறம் மாற்றிக்கொள்ளலாமே’ என்பார்கள். மாற்றலாம். சர்னி ரோட்டில் அரசு அச்சகம் இருக்கிறது. அஃபிடவிட் போட்டு, கெஜட்டில் அறிவிப்பு கொடுத்து, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கலாம். 1995இல் இந்த ஊரே பம்பாயிலிருந்து மும்பை ஆனது. உயர் நீதிமன்றம் இன்னும் பம்பாய் உயர் நீதிமன்றம்தான். அடுத்த வருஷம் சென்னை ஆன மதராஸிலும் அதே கதை. இரண்டு மாநகரங்களால் முடியாததை ஒரு தனி ஆள் விடுமுறை போட்டுச் செய்து முடிக்கவேண்டுமா?

முன்பெல்லாம் எல்.சி.யில், அதாவது பள்ளி விடுகைச் சான்றிதழில், இருந்த பெயர்தான் பெயர். வாத்தியார் எழுதினால் எழுதியதுதான். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் வரைக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தியிருக்கிறார்கள். அதனால் அந்தத் தாளில் ஏறுகிற பெயருக்கு முன்னைவிட வலு அதிகம்.

ஆனால் அவசரம் இல்லை. இதைத்தான் இளம் பெற்றோர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். பெயரை அன்றைக்கே கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டிப் பதினைந்து வருஷம் வரை சேர்க்கலாம். பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் பண்ணுங்கள், பன்னிரண்டாம் நாள் மராத்தி முறைப்படி பாரசே என்ற பெயர்சூட்டு விழா வேண்டுமானாலும் பண்ணுங்கள், தொட்டில் கட்டிப் பாடுங்கள். ஆஸ்பத்திரி ரிசெப்ஷனில் பேனாவை நீட்டுகிறார்கள் என்பதற்காக அங்கேயே நின்றுகொண்டு வாட்ஸ்ஆப்பில் வாக்கெடுப்பு நடத்தாதீர்கள்.

ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த பெயரை அப்பா பெயரோடு, அம்மா பெயரோடு சேர்த்துத் தமிழில், தேவநாகரியில், ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். முன்னால் ‘நீதிபதி’ என்று போட்டுப் படியுங்கள், ‘எலெக்ட்ரீஷியன்’ என்று போட்டுப் படியுங்கள், ‘காலஞ்சென்ற’ என்றும் போட்டுப் படியுங்கள். பாட்டிமார்கள் என்னை மன்னிக்கவேண்டும். அப்புறம் அந்தத் தாளை எதிர் ஃபிளாட் மராத்திக்கார மாவுஷியிடம் கொடுத்து ‘வாச்சா’, வாசியுங்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் எதுவும் சொல்லித்தர வேண்டாம். அவர் எப்படி வாசிக்கிறாரோ அப்படித்தான் வாஷி வங்கியில் டோக்கன் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டு உங்களுக்குச் சம்மதம் என்றால், மறுநாள் வார்டு ஆபீஸுக்குப் போங்கள்.

கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். ‘ங’வில் பெயர் கண்டுபிடித்தவர்கள் முதலில் கை தூக்குங்கள்.